கொடி இறங்கினால்தான் உத்தரவு: கேள்வி - பதில்

போன இதழில் ஏர்வாடி வாசகர் ஒருவர் "முதல் உலகப் போரில் இருந்ததிலேயே பலமான போர்க்கப்பல் கூட்டம் எது?" என்று கேட்டிருந்தார். "பிரிட்டனின் ஐந்தாவது போர்க்கப்பல் அணி, சந்தேகமே வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இடம் மிச்சம் என்று நினைத்தேன். ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களிடம் கப்பலைப் பற்றி ஒரு வரியில் பேசக் கூடாது என்று இப்போது புரிகிறது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடிதம் வந்துவிட்டது. ஆகவே இந்த முறை முழுக்க அந்த அணியைப் பற்றியே. கருவாட்டுக் குழம்பு பற்றிச் சந்தேகம் கேட்ட இரண்டு பேர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அணி என்றால் எத்தனை கப்பல்? ஐந்தாவதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?
(கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்)

பொதுவாக எட்டு போர்க்கப்பல் சேர்ந்தால் ஒரு அணி, அதை நாலு நாலாகப் பிரித்து ஓர் அட்மிரலுக்குக் கீழே இன்னோர் அட்மிரல் என்று வைப்பார்கள், காக்கா. கணக்கு எப்போதும் இப்படியே நிற்காது. ஐந்தாவது அணிக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. போர் தொடங்கிய 1914இல் அதில் இருந்ததெல்லாம் பழைய கப்பல்கள். நவம்பர் 26 அன்று 'புல்வார்க்' நங்கூரத்தில் நின்றபடியே வெடித்தது, 700 பேருக்கு மேல் போனார்கள்; எதிரி பக்கத்திலேயே இல்லை, உள்ளே இருந்த சொந்த வெடிமருந்துதான். அடுத்து 1915 புத்தாண்டு அன்று விடியுமுன் 'ஃபார்மிடபிள்' இங்கிலாந்துக் கால்வாயில் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. நிலா வெளிச்சத்தில் மெதுவாக, வளையாமல் நெளியாமல் வரிசையைக் கூட்டிக்கொண்டு போனார் என்று வைஸ் அட்மிரல் லூயிஸ் பெய்லியைப் பதவியிலிருந்து தூக்கினார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் நான் சொன்ன அணி. குயின் எலிசபெத், வார்ஸ்பைட், பார்ஹம், வேலியன்ட், மலாயா என்று ஐந்தே கப்பல், ஐந்தும் ஒரே அச்சு. ஒவ்வொன்றிலும் எட்டு பீரங்கி, வாய் 15 அங்குலம், ஒரு குண்டு 871 கிலோ. ஒரு மாருதி 800 காரைவிடக் கனமான இரும்பை 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கப்பல் மேல் போடுவது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மற்ற போர்க்கப்பல்கள் 21 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போன காலத்தில் இவை 24 போயின. காரணம் எண்ணெய். நிலக்கரியே கிடையாது, கொதிகலன் முழுக்க எண்ணெயில் எரிந்தது. இங்கிலாந்தில் நிலக்கரி கொட்டிக் கிடந்தது, எண்ணெய்க் கிணறு இல்லை, அதனால் 1914இல் பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசாங்கமே வாங்கியது. இந்தக் கப்பல்களுக்குத் தீனி போட ஆரம்பித்த கதைதான் வளைகுடாவில் இன்றுவரை ஓடுகிறது.

இன்னொன்று, கடல் தாண்டிப் பிழைக்கப் போன உங்கள் ஊர் சபுராளிகளுக்காகவே சொல்கிறேன். 'மலாயா' என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. அந்தக் கப்பலுக்குக் காசு கொடுத்தது மலாய் கூட்டாட்சி மாநிலங்கள். அந்த மாநிலங்களுக்குப் பணம் வந்த வழி ஈயமும் ரப்பரும். ரப்பர் தோட்டத்தில் விடியக்காலையில் எழுந்து பால் வெட்டியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை ஆயிரம்! அந்தக் கப்பலில் நம் வியர்வையும் கொஞ்சம் உண்டு என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது.

நான் விசைப்படகில் சுக்கான் பிடிக்கிறவன். நாலு போட் சேர்ந்து போனால் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்கிறோம். 1916இல் டென்மார்க் பக்கத்துக் கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் சண்டையில் கப்பல்களில் வயர்லெஸ் இருந்ததாமே, அப்புறம் ஏன் கொடி காட்டி ஏமாந்தார்கள்?
(பாம்பனிலிருந்து ஒரு வாசகர்)

கேள்வி என்றால் இது கேள்வி. வயர்லெஸ் இருந்தது தம்பி, ஆனால் குரல் கிடையாது, கட்டுக் கட கட்டுக் கட என்று மோர்ஸ் மட்டும்தான். செய்தியைச் சங்கேதத்தில் மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துப் படித்து, மேல்தளத்துக்கு ஆள் ஓடிப்போய்க் கொடுக்க நிமிடங்கள் ஆகும். வாயைத் திறந்தால் நாம் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு. அதனால் பக்கத்துக் கப்பலுக்குக் கொடிதான். அந்தக் கொடியில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி சண்டை புரிந்த மாதிரி.

உங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, 3ஆம் எண் ஏறிவிட்டது என்றால் ஏறின நொடியிலிருந்து அது அமலில் இருக்கிறது. இறக்கினால் ஆபத்து போனது என்று அர்த்தம். பிரிட்டிஷ் கடற்படையில் தலைகீழ். கொடியை ஏற்றினால் "இதைச் செய்யப் போகிறோம், தயாராகு" என்று பொருள். மற்ற கப்பல்கள் அதே கொடியைத் தாங்களும் ஏற்றி "பார்த்தேன்" என்று காட்ட வேண்டும். தலைமைக் கப்பல் கொடியை இறக்கும் அந்தக் கணம்தான் "செய்!". ஆக, எந்தக் கொடி என்று பார்த்தால் போதாது, எப்போது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், அதைப் புகைக்கு நடுவே பார்க்க வேண்டும்.

இப்போது ஜட்லாண்ட் சண்டை தொடங்கிய மே 31க்கு வருவோம். வைஸ் அட்மிரல் டேவிட் பீட்டியிடம் பேட்டில்குரூசர்கள், அதாவது கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. அவற்றில் மூன்றைக் குறிபார்க்கும் பயிற்சிக்காக வடக்கே ஸ்காப்பா ஃப்ளோவுக்கு அனுப்பியிருந்தார்கள், ஈடுகட்ட ஐந்தாவது அணியை அவரிடம் இரவல் கொடுத்தார்கள். குயின் எலிசபெத் பழுது பார்க்க டாக்கில் இருந்ததால் வந்தது நாலு கப்பல். தலைவர் ரியர் அட்மிரல் ஹியூ எவன்-தாமஸ், பார்ஹமில். (தமிழில் எழுதினால் "எவன் தாமஸ்?" என்று கேட்பது போல இருக்கிறது. அன்றைக்குப் பலரும் அப்படித்தான் கேட்டார்கள்.) இந்த வலுவான நாலு கப்பலையும் பீட்டி தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை, 5 கடல் மைல் பின்னால் நிறுத்தினார்.

மதியம் ஒரு டேனிஷ் சரக்குக் கப்பல் வழியில் நின்று நீராவியை விட்டுக்கொண்டிருந்தது. யாரது என்று பார்க்க இரண்டு தரப்பின் சிறு கப்பல்களும் போய், அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உலகத்தின் மிகப் பெரிய போர்க்கப்பல் சண்டைகளில் ஒன்று இப்படி ஒரு மூன்றாம் ஆளால் ஆரம்பித்தது. 2.32க்கு பீட்டி தென்தென்கிழக்கே திரும்பச் சொல்லிக் கொடி காட்டித் தன் கப்பல்களைத் திருப்பிவிட்டார். பார்ஹமில் அந்தக் கொடி தெரியவில்லை. பீட்டியின் கப்பல்கள் நிலக்கரி எரிப்பவை, புகை கறுப்புத் திரை போல. விளக்கடித்தும் யாரும் அதைச் சொல்லவில்லை. எவன்-தாமஸ் வடக்கு முகமாகவே போய்க்கொண்டிருந்தார், 8 நிமிடம். ஒருவர் தெற்கே, ஒருவர் வடக்கே, ஆளுக்கு 20 நாட் என்று போடுங்கள்: 8 நிமிடத்தில் 5 மைல் கூடுதல் இடைவெளி. 5 மைல் 10 ஆகிவிட்டது.

அந்தப் பத்து மைலுக்கு விலை கொடுத்தார்கள். 3.48க்கு சண்டை தொடங்கியபோது ஐந்தாவது அணி எட்டாத தூரத்தில். நாலு மணி தாண்டியதும் பீட்டியின் 'இன்டிஃபாட்டிகபிள்' வெடித்து 1,017 பேர் போனார்கள், தப்பியவர்கள் இரண்டே பேர். ஐந்தாவது அணியின் முதல் குண்டுகள் விழுந்ததே அதற்குப் பிறகுதான். விழ ஆரம்பித்ததும் ஜெர்மானியர் திணறினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் 4.26க்கு 'குயின் மேரி'யும் போனது, 1,266 பேர்.

இதோடு விடவில்லை. ஜெர்மனியின் மொத்தக் கடற்படையும் தெற்கிலிருந்து வருவது தெரிந்து பீட்டி வடக்கே திரும்பினார், ஐந்தாவது அணியை எதிர்த்திசையில் கடந்து போனபடியே அதற்கும் திரும்பச் சொல்லிக் கொடி ஏற்றினார். இந்தத் தடவை கொடி தெரிந்தது. இறங்கவில்லை! சில நிமிடம் அப்படியே பறந்தது. எதிரும் புதிருமாக வரும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைகிறது. எவன்-தாமஸ் கொடி இறங்கும் வரை ஜெர்மன் கடற்படையை நோக்கியே போனார். உத்தரவும் "ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பு" என்பது. பாம்பன் தூக்குப்பாலம் திறக்கும்போது காத்திருந்த கப்பல்கள் வரிசையாக அதே இடத்தில் நுழைகிறதே, அப்படி. பாலத்தடியில் போக அது சரி. பீரங்கிக்காரனுக்கு அது விருந்து: அந்த ஒரு புள்ளியில் குறி வைத்துக் காத்திருந்தால் போதும், கப்பல் தானாக வரும். கடைசியாக வந்த மலாயாவுக்குத்தான் நல்ல அடி. கொஞ்ச நேரம் கழித்து அதன் வலப்பக்க பீரங்கி அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது, அன்றைக்கு அந்தக் கப்பலில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்னாலேயே போன வேலியன்ட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சின்ன வயதில் மாமாவோடு வல்லத்தில் போனபோது வலை கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. "இங்கே வா" என்று மாமா துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். அடுத்த வல்லத்துக்காரர் அதை "மீன் அந்தப் பக்கம், போ" என்று எடுத்துக்கொண்டு பாயைத் திருப்பிப் போயே போய்விட்டார். சாயங்காலம் கரையில் நடந்த பேச்சை அச்சில் போட முடியாது. இரண்டு பேரும் துண்டைப் பார்த்தார்கள், காலையில் கிளம்பும்போது துண்டுக்கு என்ன அர்த்தம் என்று பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தவறு யார் மேல் சார்? பீட்டியா, எவன்-தாமஸா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.
(தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியை)

என் தீர்ப்பைக் கேட்டால் முக்கால் பங்கு பீட்டி. ஐந்தாவது அணி அவரிடம் வந்து சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஒரே நீரில் நங்கூரம் போட்டிருந்தார்கள். ஒரு படகில் ஏறிப் போய், "எதிரியைக் கண்டால் நான் கொடிக்குக் காத்திருக்க மாட்டேன், நீயும் காத்திருக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய கொடி அதிகாரி ரால்ஃப் சீமோர் மேல் பழியைத் தள்ளுகிறவர்கள் உண்டு. 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையிலும் அவர் கொடிதான் காலை வாரியது: "வடகிழக்கே போ" என்று ஒரு கொடி, "எதிரியின் பின்வரிசையைத் தாக்கு" என்று இன்னொரு கொடி, இரண்டும் சேர்ந்து இறங்க, "வடகிழக்கே இருக்கும் எதிரியைத் தாக்கு" என்று படித்து எல்லாக் கப்பலும் ஏற்கனவே சாகக் கிடந்த 'புளூக்கர்' மேல் விழுந்தன, மற்ற ஜெர்மன் கப்பல்கள் தப்பித்தன. சரி, அப்படிப்பட்ட ஆளை ஜட்லாண்ட் வரைக்கும் அதே வேலையில் வைத்திருந்தது யார்?

எவன்-தாமஸுக்கு மீதிக் கால் பங்கு. கண் முன்னே தலைவன் தெற்கே திரும்புகிறான், எதிரி தெற்கே இருக்கிறான், ஒரு கொடிக்காக எட்டு நிமிடம் நிற்பதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் வளர்ந்த பள்ளிக்கூடம் அப்படி. 1893 ஜூன் 22, இன்றைய லெபனானின் திரிப்போலி அருகே, வைஸ் அட்மிரல் ஜார்ஜ் டிரையன் இரண்டு வரிசைக் கப்பல்களை உள்பக்கமாகத் திரும்பச் சொன்னார். நடுவில் இருந்த இடம் போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த வரிசையின் தலைவர் ரியர் அட்மிரல் மார்க்கம் கொடியை முழுக்க ஏற்றாமல் பாதியில் நிறுத்தினார், "புரியவில்லை" என்று அர்த்தம். "எதற்குக் காத்திருக்கிறாய்?" என்று டிரையன் எல்லோர் முன்னாலும் கேட்டார். மார்க்கம் திரும்பினார், அவர் கப்பல் டிரையனின் 'விக்டோரியா'வை இடித்தது, டிரையனோடு 358 பேர் மூழ்கினார்கள். அந்தக் கப்பலில் காய்ச்சலோடு படுத்திருந்து உயிர் பிழைத்தவர்களில் ஒருவர் ஜான் ஜெல்லிகோ, ஜட்லாண்டில் மொத்தக் கடற்படைக்கும் தலைவராக இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், கொடிக்குக் காத்திருக்காமல் தளபதிகள் தாமே யோசித்துச் செயல்பட வேண்டும் என்று அந்தக் காலத்தில் வாதாடியவர் இதே டிரையன்தான். அவர் மூழ்கியபோது அந்தக் கட்சியும் மூழ்கியது, கொடி பார்த்து நடப்பதே பாதுகாப்பு என்றானது.

போருக்குப் பிறகு பீட்டி கடற்படையின் உச்சிப் பதவிக்குப் போனார். சண்டையின் வரலாற்றை எழுதும் கையும் அவருக்குக் கீழே வந்தது. எவன்-தாமஸ் மனம் நொந்துதான் 1928இல் இறந்தார்.

வார்ஸ்பைட்டுக்கு நடுச்சண்டையில் சுக்கான் மாட்டிக்கொண்டதாமே?
(தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்)

ஆமாம். திரும்பும்போது மாட்டியது, விடவில்லை. மொத்த ஜெர்மன் வரிசையும் பார்க்க இரண்டு சுற்றுச் சுற்றியது, பதின்மூன்று பெரிய குண்டு வாங்கியது. பக்கத்தில் ஏற்கனவே நொறுங்கிப்போன 'வாரியர்' என்ற குரூசர் அதனால் அப்போதைக்குப் பிழைத்தது, ஏனென்றால் எல்லோரும் அதை விட்டுவிட்டு வார்ஸ்பைட்டைச் சுட ஆரம்பித்தார்கள். வாரியர்காரர்கள் அதை வேண்டுமென்றே செய்த தியாகம் என்று நினைத்து நெகிழ்ந்ததுண்டு! வார்ஸ்பைட் கெட்டி உயிர். 1940இல் நார்விக், 1943இல் சலேர்னோவில் ரேடியோவால் திருப்பும் ஜெர்மன் குண்டு, எல்லாம் தாங்கியது. 1947இல் உடைக்க இழுத்துக்கொண்டு போகும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு கார்ன்வால் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உடைக்கிறவர்கள் அங்கேயே போய் உடைத்தார்கள்.

போர்க்காலத்தில் நம் கரையிலிருந்து பெரிய பெரிய போர்க்கப்பல்களைப் பார்த்ததாக என் தாத்தா சொல்வார். இந்த அணி நம் பக்கம் வந்ததா?
(தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

தாத்தா கப்பல் பார்த்திருப்பார், ஆனால் இந்த ஜாதிக் கப்பலை உங்கள் கரையிலிருந்து பார்த்திருக்க முடியாது. குயின் எலிசபெத் வகைக்கு நீருக்குக் கீழே மட்டும் 33 அடி வேண்டும், நம் கணக்கில் ஐந்தரைப் பாகம். பாக் நீரிணையின் திட்டுகளிலும் சேதுவின் மணலிலும் அது தரை தட்டிவிடும், பாம்பன் கால்வாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். சேதுசமுத்திரத் திட்டம் முடிந்திருந்தால் 12 மீட்டர் ஆழம் வந்திருக்கும், அப்போதுகூட அடியை உரசிக்கொண்டுதான். 1914 செப்டம்பர் 22இல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன்கூட அப்புறம் இலங்கையைக் கிழக்கே சுற்றித்தான் போனது. இத்தனைக்கும் அது சின்னக் குரூசர்.

ஆனால் அக்கரைக்கு வந்தன. 1942இல் வார்ஸ்பைட், கிழக்குக் கடற்படையின் தலைவர் சாமர்வில்லின் தலைமைக் கப்பல். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது அது மாலத்தீவின் தென்கோடியில் அட்டு தீவுக்கூட்டத்துப் பக்கம் இருந்தது. 1944இல் குயின் எலிசபெத்தும் வேலியன்ட்டும் திருகோணமலைக்கு வந்தன. ஜட்லாண்டில் ஓர் உயிரையும் இழக்காத வேலியன்ட்டுக்கு அங்கேதான் கண்டம்: ஆகஸ்ட் 8 அன்று பழுது பார்க்க ஏற்றிய மிதக்கும் டாக் அதன் கனம் தாங்காமல் கப்பலுக்கு அடியிலேயே உடைந்தது. பின்பக்கம் நசுங்கி, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. பார்ஹம் மட்டும் அதுவரை இல்லை. 1941 நவம்பர் 25இல் மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கி அடித்துச் சாய்ந்து வெடித்தது. பக்கத்துக் கப்பலிலிருந்து படம் பிடித்தார்கள், அந்தப் பக்கத்துக் கப்பல் வேலியன்ட்.

இந்த அணியில் ஏதாவது ஒரு கப்பலை இப்போது போய்ப் பார்க்க முடியுமா அங்கிள்?
(மண்டபத்திலிருந்து ஒரு பள்ளி மாணவன்)

முடியாது தம்பி, ஒன்றுகூட மிஞ்சவில்லை. குயின் எலிசபெத் மட்டுமாவது மிஞ்சியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம், ஏனென்றால் 1918 நவம்பரில் ஜெர்மன் கடற்படை சரணடையும் விவரங்களைப் பேசி முடித்தது அதன் மேல்தான். 21ஆம் தேதி சரணடைந்த கப்பல்களுக்கு பீட்டி அனுப்பிய உத்தரவும் கொடி பற்றியதே: இன்று சூரியன் மறையும்போது ஜெர்மன் கொடியை இறக்க வேண்டும், அனுமதி இல்லாமல் மறுபடி ஏற்றக் கூடாது. அந்த ஒரு கொடி மட்டும் குழப்பமில்லாமல் இறங்கியது.

பீரங்கி வேண்டுமானால் பார்க்கலாம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் வாசலில் இரண்டு 15 அங்குலக் குழல் நிற்கிறது. ரமில்லீஸ், ரெசல்யூஷன் என்ற வேறு கப்பல்களில் இருந்தவை, ஆனால் வகை அதே வகை. உங்கள் வீட்டில் லண்டனில் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் குழலின் வாய்ப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஆள் தலைக்கும் வாய்க்கும் அளவு தெரிகிற மாதிரி எடுத்தால் இங்கே போடுவோம்.